அப்பாவின் பம்ப் ஸ்டவ்

பரணில் மூன்றாவது அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, சணல் போட்டுக் கட்டியிருந்தார் அப்பா. பித்தளைத் தொட்டி கறுத்துப் பச்சை பூத்திருந்தது. மூன்று கால்களில் ஒன்று லேசாக வளைந்திருந்தது. இறக்கும்போது உள்ளே ஏதோ கொழகொழவென்று தளும்பியது.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருஷத் திதிக்கு முன்னால் வீட்டை ஒழுங்குபண்ணலாம் என்று நாகர்கோவிலுக்கு வந்திருந்தேன். ஸ்டவ்வைப் பார்த்ததும் அம்மா, "இதுல ஒரு சாயா போட்டுக் குடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்டவ்வை உட்கார்ந்து பார்த்தாள். சரி, இதை எரிய வைத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனும் சேர்ந்துகொண்டான்.

அப்பா திரவ எரிபொருள் ராக்கெட் எஞ்சின்காரர். 1979-ல் திருவனந்தபுரத்தில் இஸ்ரோ வேலையில் சேர்ந்தார். மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனை மேடைகள் வந்த பிறகு அங்கே மாறி, 2012-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். தினமும் காலையில் அலுவலகப் பஸ். தோவாளை, ஆரல்வாய்மொழி, காவல்கிணறு வழியாகப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புவார். அங்கே கையாண்டது நச்சு எரிபொருள் என்பதால், வந்ததும் குளித்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவார். அம்மா பள்ளிக்கூட டீச்சர், அவளுக்கு அவரைவிட முன்னாலேயே பஸ். அதனால் எனக்கு ரெட்டைச் சடை பின்னிவிட்டது அப்பாதான். இரண்டு பக்கமும் ஒரே இறுக்கத்தில் இருக்கும். முடிச்சுப் போடும்போது மட்டும், "வலிக்கா மக்களே?" என்று கேட்பார்.

முதல் வேலை தொட்டியைக் காலி செய்வது. மூடியில் இருக்கிற, அழுத்தத்தை விட்டு அடுப்பை அணைக்கிற காற்றுத் திருகைத் திறந்தபோது ஒரு மூச்சுக்கூட வரவில்லை. உள்ளே இருந்தது ரேஷன் மண்ணெண்ணெய். நீலச் சாயம் எப்போதோ போய், தேன் மாதிரி ஆகியிருந்தது. அதை வடித்துவிட்டுப் புது மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றி, ஒரு பிடி அரிசியும் போட்டு நன்றாகக் குலுக்கினோம். அரிசி உள்சுவரைத் தேய்த்துக்கொண்டு வரும். நான்காவது தடவைதான் தெளிவாக வந்தது. முற்றத்தில் வைத்துத்தான் செய்தோம். பக்கத்தில் தீக்குச்சி, பீடி எதுவும் கூடாது.

பர்னர் இறுகிக் கிடந்தது. வெந்நீர் ஊற்றி, சற்று விட்டு, மறுபடியும் ஊற்றினேன். இங்கேதான் பலபேர் ஸ்டவ்வைக் கெடுப்பார்கள். பர்னரை மட்டும் ஸ்பானரால் பிடித்துத் திருகினால், அந்த விசை முழுவதும் கீழே தொட்டியில் ஈயம் வைத்துப் பற்றிய இடத்துக்குப் போகும், அது விட்டுவிடும். ஒரு ஸ்பானரால் கீழ்க்குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் பர்னரைத் திருப்ப வேண்டும். இதை எனக்கு அப்பா சொல்லித்தந்தது ஸ்டவ்வில் அல்ல, சைக்கிள் சக்கரத்தில். "ஒரு கை திருப்பினா, இன்னொரு கை தாங்கணும்." மகனைத் தாங்கச் சொல்லி நான் திருப்பினேன். முறுக்கென்று ஒரு சத்தம், கழன்று வந்துவிட்டது.

அடுத்தது பம்பின் அடியில் இருக்கிற ஒருவழி வால்வு. பம்ப் குழாயின் ஆழத்தில், விரல் போகாத இடத்தில் இருக்கும். தொட்டிக்குள் காற்றை விடும், திரும்ப வர விடாது. அது கெட்டால் மண்ணெண்ணெய் பம்ப் வழியாக மேலே வந்து கைப்பிடியைத் தள்ளும். அதைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும், கடைகளில் கிடைப்பதில்லை. அப்பாவின் கருவிப் பெட்டியைத் தேடினோம். அடியில், ஒரு சாண் நீள இரும்புக் குழாய். ஒரு முனையில் வாள் போட்டு அறுத்து, அரத்தால் சமப்படுத்திய பள்ளம். மறுமுனையில் குறுக்காக ஒரு ஆணி. மகன் எடுத்துப் பம்ப் குழாய்க்குள் விட்டான். உட்கார்ந்துவிட்டது. வால்வின் இரண்டு பக்கமும் முடியளவு இடம்கூட ஆடவில்லை. யாருக்கும் காட்டப்போகாத ஒரு சாவிக்கு அரத்தில் அத்தனை தேய்ப்பு தேய்த்திருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நான் ஒன்றும் செய்யவில்லை.

வால்வுக்குள் சின்ன ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது. அதன் முனையில் துளையை அடைக்கிற பொட்டு மட்டும் கல்லாகியிருந்தது. பம்ப் தண்டின் முனையில் உள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. தோலைத் தூக்கிப் போடத் தேவையில்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் விரலால் கிண்ணம் மாதிரி விரித்துவிட்டால் போதும், குழாயின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். கிண்ணத்தின் வாய் கீழே பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தும்போது விரிந்து அடைக்கும், இழுக்கும்போது சுருங்கி ஓரத்தில் காற்றை விடும்.

தொட்டி மூடியின் வாஷரில்தான் தப்பு செய்தேன். பழையது வெடித்திருந்தது. கைக்குக் கிடைத்தது பழைய சைக்கிள் டியூப். அளவாக வெட்டி, மூடியில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, ராத்திரி அப்படியே வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ரப்பர் உப்பி, மூடியின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கியிருந்தது. தொட்டால் நொளுநொளுவென்று கையோடு வந்தது. டியூப் ரப்பர் மண்ணெண்ணெயைக் குடிக்கும். நைட்ரைல் என்கிற ரப்பர்தான் தாங்கும். பெட்ரோல், டீசல் பைப்புகளில் போடுவது அதைத்தான்.

அன்று மத்தியானம் கருவிப் பெட்டியில் வாஷர் தேடியபோது ஒரு பழைய பால்மாவு டப்பா கிடைத்தது. மூடியில் அப்பாவின் கையெழுத்தில் "தோத்தது" என்று எழுதியிருந்தது. உள்ளே உடைந்த ஸ்பிரிங், தேய்ந்த பேரிங் குண்டுகள், விரிசல் விட்ட குழாய் மூடி, இப்படி முப்பது நாற்பது. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஒரு சின்னச் சீட்டு. வீட்டில் எது பழுதானாலும், மாற்றிய பிறகு பழையதை இதில் போட்டு, ஏன் போயிற்று என்று எழுதியிருக்கிறார். மகன் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தான். "மிக்சி புஷ். எண்ணெய் விடல. என் தப்பு." "குழாய் வாஷர். ரொம்ப இறுக்கியாச்சு." அப்புறம் ஒரு கறுப்பு வளையம், காய்ந்து நெளிந்து, அளவில் பெருத்து. சீட்டில், "சைக்கிள் டியூப். ஊதிட்டு. மண்ணெண்ணெய்க்கு ஆகாது. 1991."

நான் பண்ணிய அதே தப்பை, அதே மூடியில், அதே ரப்பரை வைத்து அவரும் பண்ணியிருக்கிறார். மகேந்திரகிரியில் அவர் கையில் புழங்கிய எரிபொருளும், அதை எரிய வைக்கிற ஆக்சிகரணியும் சாதாரண ரப்பரைத் தின்றுவிடும். எந்தப் பொருளுக்கு எந்த அடைப்பு என்பது அங்கே முதல் பாடம். அதைத் தெரிந்த மனிதர் வீட்டில் அவசரத்துக்கு டியூபை வெட்டிப் போட்டு, தோற்றதும் மறைக்காமல் சீட்டு எழுதிக் கட்டிவைத்திருக்கிறார். என்னுடையதற்கும் ஒரு சீட்டு எழுதி அந்த டப்பாவில் போட்டேன்.

கோட்டாறு கடைத்தெருவில் ஸ்டவ் சாமான் வைத்திருக்கும் கடை இன்னும் ஒன்று இருக்கிறது. "இதெல்லாம் இப்ப யாரு கேக்கா" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். மூடி வாஷர், வால்வுப் பொட்டு, பர்னரில் எண்ணெய் பீறும் துளையுள்ள நிப்பிள் ஒன்று, அந்தத் துளையைக் குத்த அரை டஜன் ஸ்டவ் பின் எல்லாம் கிடைத்தது. வீட்டுப் பெயரைச் சொன்னதும், "சார் வருவாவளே, நிப்பிளை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துத்தான் வாங்குவாவ" என்றார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ராக்கெட் எப்படிப் போகிறது என்று கேட்டேன். அப்பா காகிதம் எடுக்கவில்லை, இந்த ஸ்டவ்வைக் காட்டினார். தொட்டியில் காற்றழுத்தம், அது எண்ணெயைக் குழாயில் மேலே தள்ளுகிறது, சின்னத் துளை வழியாகப் பீறுகிறது, எரிகிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக எரிகிற கட்டங்களில் கடைசியான நான்காம் கட்டம் இப்படித்தான் என்றார். அங்கே காற்றுக்குப் பதில் ஹீலியம். எரிபொருள் ஒரு தொட்டி, ஆக்சிகரணி ஒரு தொட்டி, இரண்டையும் வாயு அழுத்தமே எஞ்சினுக்குத் தள்ளும். இரண்டும் தொட்டவுடன் பற்றிக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம்.

"அப்ப எல்லாமே இப்படிப் பண்ணலாமே" என்றேன். அப்பாவுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. தள்ளுகிற அழுத்தத்தைத் தொட்டியும் தாங்க வேண்டும் இல்லையா, அப்போது தொட்டிச் சுவர் தடிக்கும், தடித்தால் கனம். சின்ன எஞ்சினுக்குப் பரவாயில்லை. இரண்டாம் கட்டத்தில் இருக்கிற விகாஸ் எஞ்சின் 70 டன்னுக்கு மேல் தள்ளும். எரியறையில் 50 பாருக்கு மேல், அதாவது வெளிக்காற்றைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல் அழுத்தம். அத்தனையைத் தாங்கத் தொட்டி செய்தால் ராக்கெட் தரையைவிட்டுக் கிளம்பாது. அதனால் தொட்டியை மெல்லிசாக வைத்துக்கொண்டு, எஞ்சின் பக்கத்தில் ஒரு டர்போ பம்பை வைக்கிறார்கள். "கிணத்துல மோட்டார் போட்ட மாதிரி" என்றார். விகாஸ் பிரான்சின் வைக்கிங் எஞ்சினிலிருந்து வந்தது. 1974-ல் போட்ட ஒப்பந்தத்தின்படி நம் பொறியாளர்கள் அங்கே வெர்னோனுக்குப் போய் வேலை செய்து கற்றுக்கொண்டு வந்தார்கள், இங்கே செய்த முதல் எஞ்சினை 1985-ல் அங்கேயே எரித்துப் பார்த்தார்கள். அப்பா போனவரில்லை. போய் வந்தவர்களிடம் கற்றுக்கொண்டவர். அவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இறங்கிவிடும், கோயிலில் பேசுவது மாதிரி.

பர்னரைத் தவிர எல்லாம் மாட்டி, கீழ்க்குழாயின் வாயை இறுக்கி அடைத்த பிறகு அழுத்தச் சோதனை. இதில் அப்பாவின் ஒழுங்கை அப்படியே பின்பற்றினேன். முதலில் தண்ணீர், அப்புறம்தான் காற்று. பழைய தொட்டியில் வெறும் காற்றை அடித்து அது விட்டுப் போனால், அமுங்கியிருந்த காற்று ஒரேயடியாக விரிந்து துண்டுகளை எறியும். தண்ணீர் அமுங்காது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போது விரிசல் விட்டால், சொட்டிவிட்டு அழுத்தம் இறங்கிவிடும். தொட்டி முட்ட நீர் நிரப்பி, சில அடி அடித்து, அரை மணி நேரம் வைத்தோம். சொட்டவில்லை. பிறகு நீரை வடித்து, காற்று அடித்து, தொட்டியை வாளித் தண்ணீருக்குள் முக்கினோம்.

மகன்தான் கண்டுபிடித்தான். வளைந்திருந்த காலின் பற்றுக்கு ஓரத்தில் ஒரு குமிழ். விட்டு விட்டு, பத்து எண்ணுவதற்குள் ஒன்று. அழுத்தத்தில் இருக்கிற தொட்டிக்கு வீட்டில் பற்று வைக்கக் கூடாது. கோட்டாற்றில் பித்தளைப் பாத்திரத்துக்குப் பற்று வைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். எரிபொருள் இருந்த தொட்டி என்றதும், சூடு காட்டுவதற்கு முன்னால் தொட்டியைக் கழுவி, பற்று வைக்கிற இடத்துக்குக் கீழே வரைக்கும் தண்ணீர் நிரப்பிக்கொண்டார். காலையும் நிமிர்த்திக் கொடுத்தார். மறுபடி தண்ணீர், மறுபடி காற்று, மறுபடி வாளி. இந்தத் தடவை குமிழ் வரவில்லை. மகன் இன்னும் ஐந்து நிமிஷம் பார்ப்போம் என்றான். பார்த்தோம்.

2013 ஆகஸ்ட் 19 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி5 ராக்கெட் கிளம்ப வேண்டும். அப்பா ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. டி.வி. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். 1 மணி 14 நிமிடம் பாக்கி இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள், இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்பா எழுந்து, "பாத்துட்டாங்கல்லா! பாத்துட்டாங்க!" என்று கையைத் தட்டினார். மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் நம் கிரையோஜெனிக் எஞ்சின் 2010-ல் தோற்றதை நினைத்து அத்தனை வருடம் கலங்கியிருந்தவர், அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார். தொட்டியின் உலோகத்தில்தான் குறை. வேறு அலுமினியக் கலவையில் செய்த புது இரண்டாம் கட்டத்தோடு அந்த ராக்கெட் 2014 ஜனவரி 5-ல் போனது, நம்முடைய கிரையோஜெனிக் எஞ்சினும் சரியாக எரிந்தது. அன்றைக்கு அவர் கை தட்டவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தோற்ற நாட்களில் அவர் எப்படி இருந்தார் என்பதையும் எழுத வேண்டும். 1993 செப்டம்பர் 20, பி.எஸ்.எல்.வி. முதல் முறை போன நாள். கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டம் பிரியும் நேரத்தில்தான் தடுமாறியது; விகாஸ் தன் வேலையை முடித்திருந்தது. அப்பாவின் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "நம்ம எஞ்சின் நல்லாத்தான எரிஞ்சுது" என்றார், ஆறுதலுக்கு. அப்பா, "நம்ம எஞ்சின்னு ஒண்ணு கிடையாது. ராக்கெட்டு நம்மது. அது விழுந்திட்டு" என்றார். அப்புறம் அடுக்களைக்குப் போய், கேஸ் இருக்கும்போதே, இந்த ஸ்டவ்வை எடுத்துப் பற்றவைத்து எல்லாருக்கும் சாயா போட்டார். அந்த இரைச்சலில் யாரும் பேச முடியவில்லை. அதற்காகத்தான் அதைப் பற்றவைத்தார் என்று அம்மா இப்போது சொல்கிறாள். அடுத்த வருடம் அக்டோபர் 15-ல் பி.எஸ்.எல்.வி. சரியாகப் போனபோது வீட்டில் பாயசம். அது கேஸ் அடுப்பில்.

நிப்பிள் பற்றி ஒரு வார்த்தை. அதன் துளை சுமார் 0.3 மில்லிமீட்டர். அடைத்தால் எல்லாரும் ஸ்டவ் பின்னை வைத்து மேலிருந்து குத்துவார்கள். அழுக்கு உள்ளே போய் உட்கார்ந்து மறுபடி அடைக்கும். கழற்றி உள்பக்கமிருந்து வெளியே தள்ளுவதுதான் சரி. தடித்த பின் போட்டால் துளை பெரிதாகி, எண்ணெய் அதிகம் வந்து, மஞ்சள் சுவாலையும் புகையுமாக இருக்கும். அண்ணாச்சி சொன்னபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டம் சுத்தமாக, ஒரு புள்ளி வானம் தெரிந்தது.

திதிக்கு முந்தின நாள் சாயங்காலம் முற்றத்தில் வைத்துப் பற்றவைத்தோம். தொட்டியில் முக்கால்வாசிக்கு மேல் ஊற்றக் கூடாது, காற்றுக்கு இடம் வேண்டும். ஒரு வாளி மணலும் ஈரச் சாக்கும் பக்கத்தில் வைத்தேன். காற்றுத் திருகைத் திறந்துவைத்து, பர்னருக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தேன். பர்னர் சூடாகும்வரை பம்ப் அடிக்கக் கூடாது. குழாய் சூடேறியிருந்தால்தான் எண்ணெய் அதன் வழியாகப் போகும்போது ஆவியாகும். குளிர்ந்திருந்தால் எண்ணெயாகவே பீறி ஆளுயரத்துக்குத் தீ எழும். ஒருதடவை பற்றிக்கொண்டால் அதன் தீயே அதன் எண்ணெயைச் சூடாக்கிக்கொள்ளும்.

ஸ்பிரிட் எரிந்து தீரும் நேரத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். 2014-ல் மங்கள்யான் செவ்வாயை நெருங்கிய அந்தக் காலை ஞாபகம் வந்தது. ஏறக்குறைய 300 நாள் தூங்கி, இரண்டு நாள் முன்னால் சில நொடி மட்டும் எரித்துப் பார்த்த 440 நியூட்டன் எஞ்சினை முழுதாக எரிய வைக்க வேண்டும். செப்டம்பர் 24, காலை ஏழு மணிக்கு மேல். அப்பா நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே, "வால்வு திறக்கணும், வால்வு திறந்தா போதும்" என்று முணுமுணுத்தார். எரிந்தது. எங்கள் ஸ்டவ் தூங்கியது அதைவிட எவ்வளவோ அதிகம்.

திருகை மூடினேன். ஒரு அடி, இரண்டு, மூன்று. நீல நாக்கு ஒன்று எழும்பி, தடுமாறி, வளையம் முழுக்கப் பரவியது. சத்தம் வந்தது, ஆனால் மெலிதாக. அம்மா அடுக்களையிலிருந்து, எட்டிக்கூடப் பார்க்காமல், "இன்னும் நாலு அடி அடி" என்றாள். மகன் அடித்தான். இரைச்சல் ஏறி ஒரே சீராக நின்றது.

"ஆ, போதும்" என்று சொல்லிவிட்டு அம்மா பால் சட்டியோடு வெளியே வந்தாள். மணையை இழுத்துப் போட்டு, அப்பா உட்காரும் பக்கமாக, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சுக்கைத் தட்டிப் போட்டாள். அந்தச் சத்தத்தில் யாரும் பேசவில்லை. பால் பொங்கி வந்ததும் காற்றுத் திருகை அவளே திறந்துவிட்டாள்.